படிக்கவைக்க உதவுவோரின் கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில், உதவி கேட்டு வரும் கடிதங்களுக்கு ஈடாக உதவி செய்ய விரும்புவோரின் கடிதங்களும் வருகின்றன. கோவை, ஈரோடு மாவட்ட அறக்கட்டளைகள் சிலவற்றின் உதவித்தொகைத் தேர்வுக் குழுவிலும் கணக்கு மேற்பார்வையிலும் இருப்பவன் என்ற முறையில், அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தென்னந்தோப்பு வருமானத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாயை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குத் தர எண்ணுகிறேன். கல்லூரியில் நேரடியாகக் கட்டணம் கட்டிவிடலாமா, அறக்கட்டளை வழியாகக் கொடுப்பது நல்லதா? (பொள்ளாச்சி)

எந்த வழியாகக் கொடுப்பது என்பதற்கு முன்பு, எந்தச் செலவுக்குக் கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்குச் சென்ற பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலந்தாய்வு வழியாக இடம்பெற்ற முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிட, பழங்குடி மாணவருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. நாளிதழில் படம் வெளிவந்த முதல் மதிப்பெண் மாணவரைத் தேடிப் போய்க் கட்டணம் கட்டுகிறவர்கள், பெரும்பாலும் அரசு கட்டவிருந்த தொகையைத்தான் கட்டுகிறார்கள்.

அந்த வளையத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்தான் நம் பகுதியில் மிகுதி. ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று சுயநிதிக் கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்த பெண், பாலிடெக்னிக்கில் சேர்ந்த தறிக்காரர் மகன், தனியார் நர்சிங் பள்ளிக்குப் போனவள் ஆகியோருக்கு முழுக் கட்டணத்தை ஏற்கும் திட்டம் எளிதில் வாய்ப்பதில்லை. தேர்வுக்குழு நேர்காணலில் கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தாய் ஒருவர் நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்த கணக்கில் கல்லூரிக் கட்டணம் மூன்றாவது வரியில்தான் இருந்தது. அதற்கு மேலே கல்லூரிப் பேருந்துக் கட்டணமும், தேர்வுக் கட்டணத்தோடு ரெக்கார்டு நோட்டுச் செலவும் இருந்தன. தாளில் எழுதப்படாத இன்னொரு வரியை அவர் வாயால் சொன்னார்: மகள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போயிருந்தால் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்திருக்கும் சம்பளம். படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் இந்தக் கடைசி வரிதான். அந்த இழப்பில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டும் வகையில், மாதந்தோறும் மாணவியின் வங்கிக் கணக்குக்கே சிறு தொகை போய்ச் சேருவது, ஒரே தவணையில் கல்லூரிக்குக் கட்டும் பெருந்தொகையைவிட அவளை வகுப்பில் இருத்திவைக்கும் என்பது என் துணிபு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்களே மாதம் ஒருமுறை பேசி, பருவத்துக்கு ஒருமுறை மதிப்பெண் பட்டியலைப் பார்க்க முடியுமானால் நேரடியாகவே கொடுங்கள். முடியாதென்றால் அறக்கட்டளை வழியாகக் கொடுங்கள். ஆனால் சென்ற மூன்றாண்டுகளில் உதவி பெற்றவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்று கேட்ட பிறகு கொடுங்கள். எத்தனை பேருக்கு வழங்கினோம் என்பதை எல்லாரும் சொல்வார்கள். முடித்தவர் எண்ணிக்கையைச் சொல்லத் தெரிந்த அறக்கட்டளை, பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்கிற அறக்கட்டளை. உங்கள் ஒரு லட்சத்தைப் பத்துப் பேருக்குப் பத்தாயிரமாகப் பகிர்வதைவிட, இரண்டு பிள்ளைகளைக் கடைசி ஆண்டுவரை ஏற்றுக்கொள்வது மேல்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவியை, பெயர்பெற்ற தனியார் உறைவிடப் பள்ளி ஒன்று கட்டணமில்லாமல் பிளஸ் ஒன் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறது. மற்றச் செலவை எங்கள் நண்பர் குழு ஏற்கத் தயார். சேர்க்கலாமா? (திருச்செங்கோடு)

நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டுப் பிள்ளைக்குப் பெரிய இழப்பாக முடியக்கூடிய உதவி இது. 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலான தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. பதினொன்றாம் வகுப்பில் வெளியேறுகிறவருக்கு எந்த விதிவிலக்கும் கிடையாது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கான தகுதியும் அத்தோடு போய்விடும். கட்டணமில்லாத இரண்டு ஆண்டுகளுக்காக அதன்பின் வரும் நான்கைந்து ஆண்டுகளின் சலுகையை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உறைவிடப் பள்ளியின் பயிற்சி கிடைக்காமல் போகுமே என்று நீங்கள் கேட்கலாம். அதே பணத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே அவளை இருக்கச் செய்து, மாலையில் இயற்பியலுக்கும் கணக்குக்கும் நல்ல ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அவளோடு அதே வகுப்பில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் உட்கார்ந்து படிப்பார்கள். முதல் மாணவியை மட்டும் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு போகும் வழக்கம் அந்தப் பள்ளிக்கும் நல்லதன்று. முடிவெடுக்க வேண்டியவர்கள் பெற்றோரும் மாணவியும்தான். இந்த விவரத்தைச் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுங்கள்.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் என்று சொல்லி ரொக்கமாகக் கேட்கிறார்கள். (அவிநாசி)

இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு 80ஜி என்று வழங்கும் கழிவு கிடைக்காது. காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் வேண்டும். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரிசி, புத்தகம், பழைய மடிக்கணினி போன்ற பொருளாகக் கொடுப்பதற்கும் கழிவு இல்லை. அச்சடித்த ரசீதோடு நின்றுவிடாமல், வருமான வரித்துறை இணையதளத்திலிருந்து அறக்கட்டளை எடுத்துத் தர வேண்டிய நன்கொடைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் செய்பவர்களுக்குக் கொடுக்காதிருப்பதே நல்லது.

பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள் லைன் வீடுகளில் சும்மா இருக்கிறார்கள். சான்றிதழ் ஏதும் இல்லை. நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு டியூஷன் நிலையம் தொடங்கலாமா? (திருப்பூர்)

தொடங்குங்கள், ஆனால் அது பள்ளிக்கு மாற்றாக ஆகிவிடக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஆறு முதல் பதினான்கு வயது வரையான எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொண்டு, விடுபட்டதை ஈடுசெய்யச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. ஆதாரும் கட்டாயமில்லை. ஆகவே முதல் வேலை, பிள்ளைகளையும் பெற்றோரில் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு அல்லது மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்ப்பது. அப்பா அம்மா இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களாக இருந்தால் அந்த அரை நாள் விடுப்பை வாங்கித் தருவதுதான் உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி. மேற்பார்வையாளர் என்ற முறையில் அது உங்கள் கையில் இருக்கிறது. எந்த அறக்கட்டளையாலும் அதைச் செய்ய முடியாது.

டியூஷன் நிலையத்தைப் பள்ளி விட்ட பிறகு, பெற்றோர் வீடு திரும்பும்வரை நடத்துங்கள். தமிழ் பேசவும் படிக்கவும் பழக்குவதே தொடக்கத்தில் போதுமானது. இந்தியோ ஒடியாவோ தெரிந்த தொழிலாளர் வீட்டுப் பெண் ஒருவருக்குச் சிறு சம்பளம் கொடுத்து உடன் வைத்துக்கொண்டால் பிள்ளைகள் பயமில்லாமல் வருவார்கள். பெரிய பிள்ளைகள் வராமற்போவதற்குத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒரு காரணம் என்பதால், குழந்தைகளை விட்டுச்செல்ல ஓர் இடமும் உடன் இருந்தால் நல்லது. பதினான்கு வயது நிரம்பாதவர்களைக் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு உட்காரவைத்திருப்பதைப் பார்த்தால் 1098 எண்ணுக்குச் சொல்லுங்கள். அந்த வயதினரை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாதென்று 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் தெளிவாகவே இருக்கிறது.

பர்கூர் மலைப் பிள்ளைகளுக்கு உதவ விரும்புகிறோம். பழங்குடிச் சான்று இல்லாததால் எதுவும் கிடைப்பதில்லை என்கிறார்கள். உண்மையா? (அந்தியூர்)

சான்று பற்றிச் சொல்வது உண்மை. பர்கூர் மலையில் வாழும் மலையாளி மக்கள் கேரளத்தவர் அல்லர், மலைவாழ் மக்கள். ஆனால் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பிரிவு தர்மபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. 1979இல் ஈரோடு தனி மாவட்டமாகப் பிரியும்வரை பர்கூர் மலை கோவை மாவட்டத்தில் இருந்தது. கோவையோ ஈரோடோ அந்த வரையறையில் இல்லை. அதனால் சேலம் மாவட்டத்தில் இருக்கும் உறவினருக்குக் கிடைக்கும் சான்று இங்கே இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. பட்டியலைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் அதிகாரத்தில் உள்ளது. அதற்கான கோரிக்கையை அந்த மக்கள் நெடுங்காலமாக வைத்து வருகிறார்கள்.

எதுவும் கிடைப்பதில்லை என்பது மட்டும் சரியன்று. 7.5 சதவீத ஒதுக்கீடும், புதுமைப்பெண் திட்டமும், அதேபோல் ஆண் பிள்ளைகளுக்காக 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப்புதல்வன் திட்டமும் சாதியைப் பார்ப்பதில்லை; அரசுப் பள்ளியில் படித்ததா என்பதைத்தான் பார்க்கின்றன. முதல் பட்டதாரிச் சான்றும் வருமானச் சான்றும் பழங்குடிச் சான்றைச் சார்ந்தவையல்ல. உங்கள் குழு செய்யக்கூடியது இதுதான்: பிளஸ் டூ பிள்ளைகளின் பட்டியலைத் தேர்வுக்கு முன்பே ஆசிரியர்களிடமிருந்து பெற்று, இந்தச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பார்த்து, கலந்தாய்வுப் பதிவை முடித்துக் கொடுப்பது. மலையிலிருந்து அந்தியூருக்கு ஒரு சான்றுக்காக இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. பழங்குடியினருக்கான உதவித்தொகை கிடைத்திருக்க வேண்டிய பிள்ளைகளுக்கு அந்தத் தொகையை நீங்கள் கொடுத்தால் அது மிகச் சரியான இடத்தில் போய்ச் சேரும் பணம்.

உதவித்தொகையை விழா வைத்து மேடையில் வழங்குவது தவறா? மற்றவர்களுக்கும் தூண்டுதலாக இருக்குமே. (கரூர்)

கொடுத்தவரை மேடையேற்றுங்கள். பெறுகிறவர் அட்டையில் செய்த பெரிய காசோலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் அவருடைய வகுப்புத் தோழர்களின் கைப்பேசிக்கும் போகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் உங்களுக்கே விடை தெரியும்.

அம்மாவின் பெயரில் கல்வி அறக்கட்டளை தொடங்க விரும்புகிறோம். எங்கள் சமூகப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரலாமா? (சோமனூர், விசைத்தறி உரிமையாளர்)

குடும்பச் சொத்திலிருந்து கல்விக்கு ஒதுக்குவது நம் பகுதிக்குப் பழக்கமானதுதான். 1926இல் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வரும் சொத்தை ஐந்தாகப் பிரித்து ஐந்தாவது பங்கை அறத்துக்கு வைத்தார்கள். 1930இல் அவிநாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் இன்றும் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது.

நடைமுறையைச் சொல்கிறேன். அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு வருமான வரித்துறையில் வரிவிலக்குக்கும் 80ஜி சலுகைக்கும் தனித்தனியே பதிவு பெற வேண்டும். முதலில் தற்காலிகப் பதிவு கிடைக்கும், பின்னர் அதை நிலையான பதிவாக மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு சாதியின் அல்லது மதப் பிரிவின் நன்மைக்கென்றே தொடங்கிய அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டம் வரிவிலக்கை மறுக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் என்று பொதுவாகச் சொல்வதற்குத் தடையில்லை. பத்திரத்தில் சமூகத்தின் பெயரை எழுதிவிட்டுப் பின்னால் திருத்துவது மிகவும் கடினம் என்பதால், எழுதும் முன்பே ஆடிட்டரிடம் காட்டுங்கள். சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாலும், உங்கள் தறிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளை வெளியே நிறுத்தும் ஓர் அறக்கட்டளையை உங்கள் அம்மாவின் பெயரில் நடத்துவது எனக்கு உவப்பாக இல்லை.

ஆண்டுக்கு ஓரிரு லட்சம்தான் செலவிடப் போகிறீர்கள் என்றால் தனி அறக்கட்டளையே தேவையில்லை. தணிக்கைக்கும் ஆண்டுக் கணக்கு ஒப்படைப்புக்கும் ஆகும் செலவில் இன்னொரு பிள்ளை படித்துவிடும். நன்றாக நடக்கும் ஓர் அறக்கட்டளையில் அம்மாவின் பெயரில் ஒரு நிதியை ஏற்படுத்தி, யாருக்குக் கொடுப்பது என்ற தேர்வில் உங்களுக்கும் ஓர் இடம் கேளுங்கள்.

எந்த மாதத்தில் கொடுப்பது நல்லது? (தாராபுரம்)

சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலையில் எல்லாரும் கொடுக்கிறார்கள். இரண்டாம் பருவக் கட்டணமும் பேருந்துக் கட்டணத்தின் அடுத்த தவணையும் வரும் டிசம்பர், ஜனவரியில் கேட்பாரில்லை. முதலாண்டில் நின்றுபோகிறவர்கள் பலர் பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து திரும்பாதவர்கள். உங்கள் தொகையில் பாதியை அந்த மாதங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.