பூட்டிய வீடும் அப்பா பெயரில் பாலிசியும்

கேள்வி: ஜூலை 12 அன்று அப்பா தவறிவிட்டார். அம்மா முன்பே போய்விட்டார். மன்னார்குடி பக்கம் அப்பா சம்பாதித்து வாங்கிய ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. உயில் இல்லை. அண்ணன் சென்னையில், தம்பி துபாயில், நான் திருச்சியில். வேறு வாரிசு யாருமில்லை. தம்பி பொங்கலுக்கு வந்த பிறகுதான் பாகப்பிரிவினை. வீட்டுக்கான தீ இன்சூரன்ஸ் அப்பா பெயரில் இருக்கிறது, நவம்பரில் முடிகிறது. கார் பாலிசி மார்ச் வரை ஓடும். அம்மாவின் நகை பீரோவில். நான் பணம் கட்டிப் புதுப்பிக்கிறேன் என்றால், “உன் பெயரில் போட்டு வீட்டை வளைக்கப் பார்க்கிறாயா?” என்கிறார் அண்ணன். பாகம் பிரியும் வரை அப்படியே விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: விடாதீர்கள், சகோதரி. டெல்டாவில் வீட்டை வைத்துக்கொண்டு ஐப்பசி, கார்த்திகையை இன்சூரன்ஸ் இல்லாமல் கடப்பது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம்.

முதலில் அண்ணனின் பயம். முட்டுக்கட்டை அங்கேதான் இருக்கிறது. பாலிசி என்பது பட்டாவும் அல்ல, பத்திரமும் அல்ல. பிரீமியம் கட்டியவருக்கு வீட்டில் ஒரு செங்கல்கூடக் கூடுதலாகச் சேராது. உயில் எழுதாமல் அப்பா போனதால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அன்றைக்கே வீடு மூவருக்கும் சமமாக இறங்கிவிட்டது. தாசில்தார் தரும் சான்றிதழ், வாரிசு யார் யார் என்று சொல்லும் காகிதம். உரிமை அதற்காகக் காத்திருப்பதில்லை.

ஆனாலும் உங்கள் பெயரில் மட்டும் போடாதீர்கள். நஷ்டம் வந்தால், “உங்களுக்கு உள்ளது மூன்றில் ஒரு பங்குதானே” என்று கம்பெனி கேட்க இடமுண்டு. மூவர் பெயரும் பாலிசியில் வரட்டும். அண்ணனுக்கும் அதுவே பதில்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியை எடுத்துப் படியுங்கள். வழக்கமான தீ பாலிசியில், உயில் மூலமோ சட்டப்படியோ சொத்து கைமாறினால் காப்பு தொடரும் என்று ஒரு விதி உண்டு. அப்பா இறந்ததால் மட்டும் அது செத்துப்போகவில்லை. ஆபத்து அதற்குப் பக்கத்து வரியில் இருக்கிறது: கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், கம்பெனியின் ஒப்புதலை முன்பே வாங்கி எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியில் எழுதிச் சேர்க்கும் திருத்தம்) போட்டிருந்தாலொழிய, காப்பு நின்றுவிடும்.

நஷ்டத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயராக அலைந்த நாட்களில், கஜா புயலுக்குப் பிறகு திருத்துறைப்பூண்டி பக்கம் வீட்டுக்காரர் இறந்து பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குப் போனேன். ஓடெல்லாம் முற்றத்தில். தேக்கு பீரோ ஊறிப்போய்க் கதவு திறக்கவில்லை. புயல் அடித்தது 2018 நவம்பர் 16. சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர் ஆகஸ்ட் 3-இல் நின்றிருந்தது. நானும் பார்த்தேன், இறந்தவரின் மகனும் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கிளெய்ம் கைவிட்டுப் போயிற்று. ஆகஸ்டிலேயே ஒரு கடிதம் எழுதியிருந்தால் கதை வேறு.

அந்தக் கடிதத்தை நீங்கள் இந்த வாரமே எழுதுங்கள். பாலிசி எண், இறப்புச் சான்றிதழ் நகல், மூவர் பெயர், வீடு பூட்டியிருக்கிறது என்ற உண்மை, வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் ஆளின் பெயர். தம்பி கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பட்டும். கம்பெனியின் பதிலும் எழுத்தில் வர வேண்டும். ஏஜென்ட் போனில் “பாத்துக்கலாம் மேடம்” என்றால் அது பதில் இல்லை.

நவம்பரில் புதுப்பிக்கும்போது ‘பாரத் கிருஹ ரக்ஷா’ கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் இருக்கும் பொதுத் தர வீட்டுப் பாலிசி அது. தீ, புயல், வெள்ளம் எல்லாம் அடக்கம். மனை விலையைச் சேர்க்க வேண்டாம், திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதுதான் காப்புத் தொகை. அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் கேட்காமலே கிடைக்கும். பூட்டை உடைத்துத் திருடினால் அது இதில் வராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும், அங்கேயும் ஆளில்லா வீட்டுக்கு நிபந்தனை இருக்கும். இன்னொன்று: காப்பு அந்த வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குத்தான். “இந்த அண்டாவை மட்டும் நான் எடுத்துக்கறேன்” என்று யாராவது காரில் ஏற்றினால், அண்டாவுக்கு அன்றோடு காப்பு முடிந்தது. அதனால் யாரும் எதையும் தொடுவதற்கு முன் அறை அறையாகப் படமெடுத்து, மூவரும் கையெழுத்திட்ட பட்டியல் போட்டுவிடுங்கள். பாகம் பிரிக்கும்போதும் சண்டை குறையும்.

நகை பூட்டிய வீட்டில் இருக்கவே கூடாது. மூவரும் அறிய எடை போட்டு எழுதி, லாக்கரில் வையுங்கள். லாக்கரும் முழுப் பாதுகாப்பு அல்ல. தீ, திருட்டு என்றால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றம் என்றால் அதுவும் இல்லை.

கார்தான் அவசரம். மார்ச் வரை இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஒரே உரிமையாளர் இறந்தால், மோட்டார் பாலிசி இறந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். உங்கள் கணக்கில் அக்டோபர் 12. மரணத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு 30 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும், அது தாண்டிவிட்டது. உடனே தெரிவித்து, யார் பெயருக்கு என்று முடிவுசெய்து படிவம் 31 (இறந்தவர் பெயரிலிருந்து வண்டியை மாற்றும் விண்ணப்பம்) கொடுங்கள். முடியாவிட்டால் சாவியைக் கழற்றி வையுங்கள். அக்டோபர் 12-க்குப் பிறகு “சும்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும்” என்றுகூட யாரும் எடுக்க வேண்டாம்.

பிரீமியத்தை இப்போது நீங்கள் கட்டிவிட்டு, ரசீதைப் பாகப்பிரிவினைக் கணக்கில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.