கலைப்படப் பாணியில் அமைந்த ஆக்‌ஷன் த்ரில்லர்களில் எதை முதலில் பார்க்கலாம்?

சண்டைக் காட்சிகள் குறைவாக இருந்தால் விறுவிறுப்பு எங்கிருந்து வரும் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். ‘லெ சமுராய்’ என்ற பிரெஞ்சுப் படத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். ழான்-பியேர் மெல்வில் இயக்கி 1967இல் வெளிவந்த இப்படத்தில், கூலிக்குக் கொலை செய்யும் ஜெஃப் காஸ்தெல்லோவாக அலென் தெலோன் நடித்திருக்கிறார்.

கதை சிறியது. இரவு விடுதி உரிமையாளர் ஒருவரை ஜெஃப் சுட்டுக் கொல்கிறான். வெளியேறும்போது அங்கே பியானோ வாசிக்கும் பெண் அவனை நேருக்கு நேர் பார்த்துவிடுகிறாள். ஆனால் காவல் நிலைய அடையாள அணிவகுப்பில், இவன் இல்லை என்று சொல்லிவிடுகிறாள். அதன்பின் போலீசாரும், வேலையைக் கொடுத்தவர்களும் ஒரே நேரத்தில் அவனைத் தேடுகிறார்கள்.

படம் தொடங்கி ஏறக்குறைய பத்து நிமிடங்களுக்கு ஒருவரும் பேசுவதில்லை. சாம்பல் நிற அறை, கூண்டுக்குள் ஒரு சிறு பறவையின் கீச்சொலி, கட்டிலில் படுத்துப் புகைக்கும் ஒரு மனிதன், அவ்வளவுதான். பிறகு அவன் தெருவில் நிற்கும் சிட்ரோயன் கார் ஒன்றில் ஏறி, பெரிய வளையம் ஒன்றில் கோத்த சாவிக்கொத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறான். மழை நீர் வழியும் கண்ணாடிக்கு அப்பால் நிலைத்த அவன் பார்வை சாவியின் பக்கம் திரும்புவதே இல்லை.

பினாங்கில், ஜெலுத்தோங் வட்டாரத்துக் கார்ப் பட்டறைகளில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர் என் அப்பா. அடிதடிப் படங்களையே விரும்பிப் பார்க்கும் அவர், இரவுச் சாப்பாட்டுத் தட்டுடன் வந்து அமர்ந்தவர், இந்த இடத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “சாவியப் பாக்காமக் கையாலேயே தேடுறான் பாரு. இவன் இத நூறு தடவ செஞ்சிருக்கான்” என்றார். இயக்குநர் வசனமே இல்லாமல் சொன்னதை அப்பா தம் தொழிலறிவால் பிடித்துக்கொண்டார். அடுத்து வரும் காட்சியில் ஒரு பட்டறைக்காரர் நம்பர் பிளேட்டைக் கழற்றி மாற்றுகிறார். ஜெஃப் கையை நீட்டக் காரின் தாள்கள் வருகின்றன, மீண்டும் நீட்டத் துப்பாக்கி வருகிறது, பணம் கைமாறுகிறது. அங்கும் ஒரு சொல் இல்லை. பின்னர் இதே பட்டறைக்கு அவன் இரண்டாம் முறை வரும்போது அந்த மனிதர், இதுவே கடைசித் தடவை என்று எச்சரிக்கிறார். முன்பு நிலவிய மௌனத்தால்தான் அந்தச் சிறு வாக்கியம் அவ்வளவு கனக்கிறது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. இத்தகைய படங்களில் பதற்றம் அடிதடியிலிருந்து பிறப்பதில்லை. ஒரு வேலை நடந்து முடியும்வரை நம்மை அதன் அருகிலேயே காத்திருக்க வைப்பதால் பிறக்கிறது. பாலத்தின் மேல் ஜெஃப் சுடப்படுவது நொடிப்பொழுதில் முடிந்துவிட, அறைக்குத் திரும்பித் தன் காயத்துக்குத் தானே கட்டுப்போடுவதை மெல்வில் நிதானமாகக் காட்டுகிறார். அவன் இல்லாத வேளையில் போலீசார் அறைக்குள் ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்துகிறார்கள். திரும்பி வந்தவனுக்கு யாரோ வந்து போனதை உணர்த்துவது கூண்டுப் பறவையின் படபடப்புதான். சுரங்க ரயிலில் நடக்கும் துரத்தலிலும் ஓட்டத்தைவிட நடையே அதிகம். ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெகாயேயின் நீலமும் சாம்பலும் கலந்த வண்ணங்களைப் பற்றித் தனியே எழுதலாம்.

மெதுவாக நகரும் படமெல்லாம் நல்ல படம் என்று நான் கருதவில்லை. வெற்றுச் சுவரை நெடுநேரம் காட்டிவிட்டு அதை ஆழம் என்று நம்பச் சொல்லும் படங்களும் உண்டு, அவை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

தமிழிலேயே தொடங்க விரும்பினால், 2011இல் வெளியான தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ இருக்கிறது. பாடல் காட்சிகள் இல்லாத அப்படம், இயக்குநரின் சிறந்த முதல் படத்துக்கான தேசிய விருதையும் படத்தொகுப்புக்கான தேசிய விருதையும் பெற்றது. அதில் வன்முறையும் வசைச்சொற்களும் மிகுதி. ஆகவே குடும்பத்தோடு உட்கார வேண்டாம்.

பிரெஞ்சு மொழி குறித்துத் தயங்காதீர்கள். திரையரங்கில் தமிழ்ப் படத்தையே மலாய்த் துணைவரிகளோடு பார்த்துப் பழகிய நமக்கு வாசித்துக்கொண்டே பார்ப்பது புதிதல்ல. மேலும் இந்தப் படத்தில் வாசிக்க வேண்டியவையும் கொஞ்சமே. கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, முதல் பத்து நிமிடங்களை மட்டும் இடையில் நிறுத்தாமல் பாருங்கள். படத்தின் பிற்பகுதியில் அந்தச் சாவிக்கொத்து மறுபடியும் வரும். அப்போது அவன் முகத்தைக் கவனியுங்கள்.