மின்னணு ஐயங்கள்: 230 வோல்ட்டை நேரடியாகத் தொடலாமா?

கேள்வி: பொழுதுபோக்காக மின்னணுச் சுற்றுகள் செய்துவருகிறேன். 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர், மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் எல்எம்2596 ஐசி, கையிருப்பில் இருந்த 1என்4007 டையோடு, பழைய ரேடியோக் காயில் ஆகியவற்றை பிரெட்போர்டில் இணைத்து 5 வோல்ட் சப்ளை அமைத்தேன். அரை ஆம்பியர் எடுத்தாலே கொதிக்கிறது. ‘கீ’ என்ற ஒலியும் வருகிறது. எங்கள் தெருவில் மாலையில் 180 வோல்ட், நள்ளிரவில் 250 வோல்ட். இந்த சப்ளையை விட்டுவிட்டு, வீட்டு மின்சாரத்திலிருந்து நேரடியாக இயங்கும் எஸ்.எம்.பி.எஸ். (அதிவேகமாகத் திறந்து மூடி மின்னழுத்தத்தை மாற்றும் சப்ளை) செய்துவிடலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்னாக்கினால் (டி.சி. ஆக்கினால்) ஏறத்தாழ 325 வோல்ட் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டர் அதைத் தேக்கி வைத்திருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, அதற்காகக் கையால் சுற்றும் ஃபெரைட் டிரான்ஸ்பார்மரின் இரு கம்பிச் சுற்றுகளுக்கும் இடையிலான காப்பு (இன்சுலேஷன்) பழுதானால், நீங்கள் விரலால் தொடும் 5 வோல்ட் முனையிலேயே வீட்டு மின்சாரம் வந்துவிடும் என்பதுதான். அந்தக் காப்பைச் சோதிக்கும் வசதி வீட்டு மேசையில் இல்லை.

உங்கள் பழைய சுற்றைக் கைவிடவும் தேவையில்லை. முதல் குற்றவாளி டையோடு. எல்எம்2596 வினாடிக்கு 1,50,000 முறை திறந்து மூடுகிறது. ஒரு சுழற்சிக்கு 7 மைக்ரோ வினாடிகூட இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென அமைந்த 1என்4007 கடத்துவதை நிறுத்துவதற்கே சில மைக்ரோ வினாடிகள் எடுத்துக்கொள்வதால், ஐசி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மின்னோட்டம் அதன் வழியே பின்னோக்கிப் பாய்ந்து வெப்பமாக வீணாகிறது. கடத்துவதை உடனே நிறுத்தும் வகையான ஷாட்கி டையோடை, 1என்5822 போன்றதை, போடுங்கள். காயிலும் 3 ஆம்பியரில் செறிவடையாத, 33 முதல் 68 மைக்ரோஹென்றி வரையுள்ள மின்தூண்டியாக இருக்க வேண்டும். ரேடியோக் காயில் இதற்கு ஆகாது.

150 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதுக்குக் கேட்காது. ஆகவே நீங்கள் கேட்கும் ஒலி, சுற்று சீராக ஓடாமல் தடுமாறுவதையே காட்டுகிறது. பிரெட்போர்டைப் பழிக்க மனமில்லை, எல்இடி மினுக்க அதைப்போல் உதவும் பொருள் வேறில்லை. ஆனால் அதன் நீண்ட ஒயர்களும் தளர்ந்த தொடர்புகளும் இங்கே ஒத்துவராது. உள்ளீட்டுக் கெபாசிட்டர், ஐசி, டையோடு மூன்றையும் நெருக்கமாக வைத்து நேராக ஈயம் வையுங்கள். வெளியீட்டு வோல்ட்டை ஐசிக்குத் தெரிவிக்கும் ஃபீட்பேக் ஒயரைக் காயிலுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்.

டிரான்ஸ்பார்மரையும் மாற்றுங்கள். நள்ளிரவு 250 வோல்ட்டில், சுமையும் இல்லாதபோது, 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் மின்னழுத்தம் நேர்மின்னாக்கிய பின் 37 வோல்ட்டையும் தாண்டி, ஐசியின் 40 வோல்ட் வரம்பை நெருங்கிவிடும். 18 வோல்ட், 2 ஆம்பியர் போதும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஸ்டெபிலைசர் பழுதுபார்ப்பவர்களிடம் கேட்டுப்பாருங்கள், சிலர் சுற்றியும் தருவார்கள். மாலை 180 வோல்ட்டிலும் ஐசிக்கு 15 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், 5 வோல்ட் அசையாது. டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கத்தில் ஃபியூஸ் கட்டாயம்.

கெபாசிட்டர்களை 105 டிகிரி தாங்கும் வகையாக, குறைந்த இ.எஸ்.ஆர். (உள் மின்தடை) உடையனவாக வாங்குங்கள், உங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் 85 டிகிரி வகை விரைவில் காய்ந்துவிடும். முதலில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, மல்டிமீட்டரில் 5 வோல்ட் நிலையாக நிற்பதைப் பார்த்த பிறகே உங்கள் சுற்றுகளை அதில் இணையுங்கள்.