பெரிய டயர் போடலாமா, வண்டியை ஏத்தலாமா? - வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, பழைய ஜிப்ஸி வச்சிருக்கவங்க நிறைய பேர் பெரிய டயர் போடுறது பத்தியும் சஸ்பென்ஷன் லிஃப்ட், அதாவது வண்டி பாடியை உசத்தி வைக்கிறது பத்தியும் எழுதியிருக்கீங்க, அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு ஒதுக்கி வச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணே, என்கிட்ட 2022 மாடல் தார் டீசல் இருக்கு, 18 இன்ச் அலாய். கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவுல உள்ள இடைவெளி) பத்தலன்னு 265/70 ஆர்17 டயரும் 2 இன்ச் லிஃப்ட் கிட்டும் போடச் சொல்றாங்க கடையில. ரெண்டும் சேர்ந்தா எவ்ளோ உசரம் கிடைக்கும்?
- வாசகர், பொள்ளாச்சி

தம்பி, காசு கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போட்டுப் பாருங்க. உங்க டயர் 255/65 ஆர்18. அந்த 255 அகலம், அதுல 65 சதவீதம் டயரோட சைடு உசரம், அதாவது 166 மி.மீ. பக்கம். அது ரிம்முக்கு மேலயும் வரும் கீழயும் வரும், அப்போ 332, ரிம் 18 இன்ச்னா 457, ஆக மொத்தம் 789 மி.மீ. அதே மாதிரி 265/70 ஆர்17க்கு போட்டா 803 வரும். வித்தியாசம் 14 மி.மீ.தான், ஆக்சில் டயரோட நடுவுல இருக்கிறதால அதுலயும் பாதிதான் உங்களுக்கு உசரமா கிடைக்கும். 7 மி.மீ., சுண்டுவிரல் தடிமன் கூட கிடையாது. நாலு புது டயரு, நாலு புது ரிம்மு வாங்கி அவ்ளோதான் ஏறும். அகலமும் டயர் பட்டையும் (ரோட்டுல படுற கட்டைப் பகுதி) மாறுறதால வேற லாபம் உண்டு, இல்லன்னு சொல்லல, ஆனா உசரத்துக்காகன்னா இது சரியான வழி இல்ல.

இனி லிஃப்ட். ஸ்ப்ரிங்குக்கு மேல என்னென்ன இருக்கோ அதை மட்டும்தான் லிஃப்ட் தூக்கும், இதை பலரும் யோசிக்கிறதே இல்ல. தார்ல பின்னாடி முழு ஆக்சில், அதாவது ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே தண்டு, நடுவுல டிஃப்ரன்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற கியர் பெட்டி) உருண்டையா தொங்கும். 2 இன்ச் இல்ல 4 இன்ச் லிஃப்ட் போட்டாலும் அந்த உருண்டை இருந்த இடத்துலயேதான் இருக்கும், டயர் பெருசானா மட்டும்தான் அது ஏறும். அப்போ லிஃப்ட் எதுக்குன்னா, பம்பரும் சேஸிஸும் (வண்டியோட அடிச்சட்டம்) மேல போறதால மேட்டுல ஏறி இறங்குறப்ப இடிக்காது, அப்புறம் பெரிய டயருக்கு உள்ள இடம் கிடைக்கும். ஆனா தாருக்கு கம்பெனியே 226 மி.மீ. கிளியரன்ஸ், 41 டிகிரிக்கு மேல அப்ரோச் ஆங்கிள் (முன் பம்பர் இடிக்காம ஏறக்கூடிய மேட்டோட சாய்வு) கொடுத்திருக்காங்க, எஸ்டேட் ரோட்டுக்கும் ஆத்துப் படுகைக்கும் இதுவே தாராளம்.

முன்னாடி பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கு. அங்க இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன், டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரமும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஆர்ம்ல தனித்தனியா ஏறி இறங்கும். ஷாக்குக்கு மேல ஒரு ஸ்பேசர் வச்சு ஏத்துறது தான் சீப்பான கிட்டுங்க பண்றது. அதுல ஸ்ப்ரிங்கும் அதேதான் ஷாக்கும் அதேதான், சக்கரத்தை மட்டும் கீழ தள்ளி வச்சிடுது, அதனால டிரைவ் ஷாஃப்டு எப்பவும் சாய்வாவே சுத்தும், அந்த ஷாஃப்டு முனையில இருக்கிற சி.வி. ஜாயின்ட்டோட ரப்பர் உறை சீக்கிரம் கிழியும், கிரீஸ் வெளிய போயி மண்ணு உள்ள போச்சுன்னா ஜாயின்ட்டே காலி. பள்ளத்துல சக்கரம் கீழ இறங்க வேண்டிய தூரமும் குறைஞ்சிடும், ஆஃப் ரோடுக்குன்னு போட்ட சாமானே ஆஃப் ரோடுல சக்கரத்தை அந்தரத்துல தூக்கி விட்டுடும். போட்டே ஆகணும்னா ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வர்ற கிட்டா பாருங்க, ஒன்றரை இன்ச்சுக்கு மேல போகாதீங்க, போட்ட அன்னிக்கே அலைன்மென்ட் பண்ணிடுங்க.

என் யோசனையைக் கேட்டா, எந்த இடத்துல வண்டி தட்டுச்சுன்னு முதல்ல குனிஞ்சு பாருங்க. சைடு ஸ்டெப்புல கீறல் இருந்தா அதை கழட்டினாலே போதும்.

கேள்வி: சார், ஜிம்னிக்கு போன மாசம் 2 இன்ச் லிஃப்டும் 235/75 ஆர்15 டயரும் போட்டோம். இப்போ 70ஐ தாண்டினா ஸ்டியரிங் பயங்கரமா ஆடுது, வளைவுல திருப்பினா தானா நேரா வரமாட்டேங்குது. கடையில பேலன்சிங் பண்ணா சரியாயிடும்னு ரெண்டு தடவை பண்ணிட்டாங்க. குழந்தைங்களை கூட்டிட்டுப் போக பயமா இருக்கு.
- வாசகி, குன்னூர்

மேடம், நீங்க பயப்படுறது ரொம்ப சரி. இது சரியாகுற வரைக்கும் ஹைவேல அந்த வண்டியை எடுக்காதீங்க.

பேலன்சிங் ஒரு காரணமா இருக்கலாம், ஆனா நீங்க சொன்ன ரெண்டாவது அறிகுறி, ஸ்டியரிங் தானா திரும்பி வராதது, அது வேற இடத்தைக் காட்டுது. ஜிம்னிக்கு முன்னாடியும் பின்னாடியும் முழு ஆக்சில். முன் ஆக்சிலை ரெண்டு நீளமான ஆர்ம் சேஸிஸோட பிடிச்சிருக்கும். வண்டியை மேல தூக்கினா அந்த ஆர்ம் சாய்வு மாறும், ஆர்ம் சாய்ஞ்சா ஆக்சிலே லேசா முன்பக்கமா உருளும். சைக்கிள்ல முன் ஃபோர்க் கொஞ்சம் சாய்வா இருக்கும் பாருங்க, அதனாலதான் கைய விட்டாலும் நேரா போகும். வண்டியிலயும் அதே மாதிரி ஒரு சாய்வு உண்டு, காஸ்டர்னு பேரு. லிஃப்ட் போட்டா அது குறையும், குறைஞ்சா ஸ்டியரிங் திரும்பி வராது, வண்டி ரோட்டுல அலையும், ஒரு சின்னக் குழியில விழுந்தாலே ஆட ஆரம்பிச்சிடும். இதுக்கு காஸ்டர் கரெக்‌ஷன் புஷ்ஷோ, அளவு மாத்தின ஆர்மோ போட்டே ஆகணும். கிட்டோட வந்துச்சா, வந்ததை மாட்டினாங்களான்னு கேளுங்க. கம்ப்யூட்டர் அலைன்மென்ட் எடுத்து காஸ்டர் எண்ணை பிரின்ட்டுல வாங்கி வச்சுக்கோங்க, வாய் பேச்சுல விடாதீங்க.

அதோட ஆக்சில் குறுக்கால ஒரு லேட்டரல் ராட் இருக்கும், வண்டி உசந்தா அது ஆக்சிலை ஒரு பக்கமா இழுக்கும், ஸ்டியரிங் வீலும் கோணலா நிக்கும். அட்ஜஸ்ட் பண்ற மாதிரி ராட் போட்டா சரியாகும். சிலர் ஆட்டத்துக்கு மருந்துன்னு ஸ்டியரிங் டேம்பர் மாட்டி விடுவாங்க, அது ஆட்டத்தை மறைக்கும், காரணம் அப்படியே உள்ள இருக்கும். கிங்பின் பேரிங்கும் (சக்கரம் இடம் வலம் திரும்புற இடத்துல இருக்கிறது) ஆர்ம் புஷ்ஷும் தேஞ்சிருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, இதை லிஃப்ட் போட்ட எல்லாருமே செஞ்சு பாக்கணும். சேஸிஸ்ல ஜாக்கி வச்சு ஆக்சில் தொங்குற அளவுக்கு தூக்கிட்டு, ஸ்டாண்டு வச்சுட்டு, பிரேக் ஹோஸைப் பாருங்க. ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பியும் பாருங்க. என் நண்பன் வண்டியில இப்படிப் பாத்தப்ப ஹோஸ் வில்லு நாண் மாதிரி இழுத்துக்கிட்டு நின்னுச்சு, லிஃப்ட் போட்டுக் கொடுத்த இடத்துல யாருமே அதைப் பாக்கல, அவன் அதோட ரெண்டு மாசம் மலையில சுத்தியிருக்கான். நினைச்சா இன்னும் எனக்கு வயித்தைக் கலக்குது.

டயர் பத்தியும் ஒரு வார்த்தை. ஒரிஜினல் 195/80 ஆர்15ன்னா 693 மி.மீ., இப்போ இருக்கிறது 733. கிட்டத்தட்ட 6 சதவீதம் பெருசு. மீட்டர் 80 காட்டுறப்ப முன்னைவிட 5 கி.மீ. வேகமா போறீங்கன்னு அர்த்தம். 105 குதிரை சக்தி இன்ஜின், அதுவும் உங்க ஊரு ஏத்தம், முன்னாடி மூணாவது கியர்ல ஏறின இடத்துல இப்போ ரெண்டாவது கேக்கும். பிரேக்கும் அதே பழைய பிரேக், நிறுத்த வேண்டிய சக்கரம் மட்டும் கனமாயிடுச்சு. எல்லாத்தையும் திருப்பிப் போட முடியும்னா ஒரிஜினல் ஸ்ப்ரிங்கோட 215/75 ஆர்15 போட்டுக்கோங்க, உங்க தேவைக்கு அது போதும்.

கேள்வி: ஏடி (ஆல் டெரைன்) டயரா எம்டி (மட் டெரைன்) டயரா? எங்க ஊர் முழுக்க கரிசல் காடு, லீவுல தேரிக்காடு, அதாவது செம்மணல் மேட்டுப் பக்கம் போவோம்.
- வாசகர், கோவில்பட்டி

அருமையான கேள்வி, ஏன்னா நீங்க சொன்ன ரெண்டு மண்ணும் நேர் எதிர். கரிசல் மண்ணு நனைஞ்சா பசை மாதிரி டயர் பட்டைக்குள்ள அப்பிக்கும், பட்டை மூடிப் போச்சுன்னா அது வழுக்க டயர்தான். எம்டில கட்டை பெருசு, இடைவெளி அகலம், சக்கரம் சுத்துற வேகத்துல மண்ணைத் தூக்கி எறிஞ்சிடும், அங்க எம்டிக்கு நிகர் இல்ல. ஆனா தேரி மணலுக்கு அதே எம்டி போனா மம்பட்டி மாதிரி தோண்டி தோண்டி வண்டியை வயிறு வரைக்கும் இறக்கிடும். மணல்ல மேலாப்புல மிதக்கணும், அதுக்கு பட்டையை விட காத்துதான் முக்கியம்.

காத்தை இறக்குங்க. இதைவிட சீப்பான ஆஃப் ரோடு சாமான் உலகத்துலயே கிடையாது. கதவுத் தூண் ஸ்டிக்கர்ல போட்டிருக்க அளவு ரோட்டுக்கு. மணலுக்கு 15-18 பி.எஸ்.ஐ., கல்லு முள்ளு சேறுக்கு 20-22. காத்து குறைஞ்சா டயர் மண்ணுல படுற இடம் நீளும், வண்டி பாரம் பரவும், புதையாது. அந்த காத்துல 30 கி.மீ. வேகத்துக்கு மேல ஓட்டாதீங்க, சடக்குனு ஒடிக்காதீங்க, ரிம்முல இருந்து டயர் கழண்டுக்கும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒண்ணு வண்டியிலயே கிடக்கட்டும், தார் ரோடு வந்ததும் திரும்ப அடிச்சிட்டுத்தான் கிளம்பணும். குதிரைமொழி தேரி காப்புக் காடு, இஷ்டத்துக்கு உள்ள இறக்கிடாதீங்க, வனத்துறைகிட்ட கேட்டுக்கோங்க.

மழைக்காலத்துல தினமும் காட்டு வழியிலதான் போகணும்னா எம்டி. மத்தபடி ஏடி. எம்டி ஈர தார் ரோட்டுல லேட்டா நிக்கும், நாலுவழிச்சாலையில போடுற சத்தமும் அதிகம். வாங்குறப்ப டயர் சைடுல நாலு எண் தேடுங்க, 3224ன்னு இருந்தா 2024ம் வருஷம் 32வது வாரம் தயாரானது. லோடு இண்டெக்ஸ் (டயர் எவ்ளோ பாரம் தாங்கும்னு சொல்ற எண்) பழைய டயரை விட குறையக்கூடாது.

கேள்வி: போலீஸ் பிடிச்சா என்ன ஆகும்? இன்சூரன்ஸ் கிடைக்குமா?
- வாசகர், மதுரை

நேராவே சொல்லிடுறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி கம்பெனி குறிப்பிட்ட விவரத்துல இருந்து வண்டியை மாத்தக்கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணிடுச்சு. அதே 2019ல வந்த திருத்தத்துல 182ஏ பிரிவை மாத்தி எழுதினாங்க, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் வரலாம். யாரும் கண்டுக்கிறதில்லன்னு கடையில சொல்றதை நம்பி இறங்காதீங்க, ஆக்சிடென்ட் ஆன அன்னிக்குத்தான் எல்லாரும் கண்டுக்குவாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லாம மாத்தினா கிளெய்ம் நேரத்துல அதையே பிடிச்சுப்பாங்க.

டயர் மட்டும் மாத்தணும்னா, உங்க மாடலோட வேற வேரியன்டுல கம்பெனியே கொடுத்த சைஸ் இருக்கான்னு பாருங்க. உதாரணத்துக்கு 16 இன்ச்ல 245/75 போட்டு வந்த தாருக்கு, அதே தாரோட இன்னொரு வேரியன்டுல வர்ற 255/65 ஆர்18 போட்டா அது கம்பெனி அளவுதான், 774ல இருந்து 789க்கு போகும், எதுவும் உரசாது.

கேள்வி: அப்பாவோட பழைய ஜிப்ஸி இருக்கு. பட்டையை (லீஃப் ஸ்ப்ரிங்) ஆக்சிலுக்கு மேல தூக்கி வச்சா 5 இன்ச் ஏறும்னு மெக்கானிக் சொல்றார், கிட்டே வேணாமாம். செய்யலாமா?
- வாசகர், தேனி

அவர் சொல்ற 5 இன்ச் பொய் இல்ல. ஜிப்ஸில பட்டை ஆக்சிலுக்கு கீழ ஓடுது, அதை மேல மாத்தினா அவ்ளோ ஏறத்தான் செய்யும். ஆனா ஆக்சில்ல புது சீட்டு வெல்டு பண்ணணும், அந்த வெல்டுல ஒரு குறை இருந்தா கொண்டை ஊசி வளைவுல ஆக்சிலே நகரும். ஸ்டியரிங் ராட் ரொம்ப சாய்ஞ்சிடும், ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் வண்டி தானா திரும்பப் பாக்கும். புரொப்பல்லர் ஷாஃப்டு (ஆக்சிலுக்கு சக்தியைக் கொண்டு போற தண்டு) சாய்வு கூடி அதோட முனையில இருக்கிற கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் போகும், 50ல அதிர ஆரம்பிக்கும். அகலம் கம்மியான வண்டி அது, 5 இன்ச் ஏறினா சரிவுல ஒரு பக்கமா போறப்ப கவிழுற பயம் நிஜமாவே இருக்கு.

அப்பா வண்டின்னு சொல்றீங்க. முதல்ல பட்டையைக் கழட்டி துரு எடுத்து, உடைஞ்ச இலையை மாத்தி, ஷேக்கிள் புஷ்ஷும் ஷாக்கும் புதுசு போடுங்க. இத்தனை வருஷத்துல பட்டை நல்லா உக்காந்திருக்கும், வளைவு திரும்ப அடிச்சு வாங்கினாலே ஒரிஜினல் உசரம் வந்துடும், லிஃப்ட் போட்ட மாதிரியே தெரியும்.

கேள்வி: நாலு டயர் மட்டும் பெருசு போட்டுட்டு ஸ்டெப்னி பழசே இருக்கட்டுமா? காசு பத்தல.
- வாசகர், வால்பாறை

வேணாம் தம்பி, ஒரு வருஷம் கழிச்சு அஞ்சா போடுங்க. ஒரே ஆக்சில்ல ஒரு சக்கரம் சின்னது ஒண்ணு பெருசுன்னா டிஃப்ரன்ஷியல் நிக்காம வேலை செஞ்சு சூடாகும். ஃபோர் வீல் போட்டா இன்னும் மோசம், தார், ஜிம்னி, ஜிப்ஸி மாதிரி வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃப்ரன்ஷியல் கிடையாது, சுத்து கணக்கு ஒத்துவராம டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு சக்தியை அனுப்புற கியர் பெட்டி) முறுக்கிக்கும். அவசரத்துக்கு பழைய ஸ்டெப்னி மாட்ட வேண்டி வந்தா டூ வீல்ல வச்சு மெதுவா பக்கத்து பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் போங்க. பெரிய ஸ்டெப்னி வாங்கினதுக்கு அப்புறம் பின்கதவு கீலை மாசம் ஒரு தடவை பாருங்க, அவ்ளோ கனமும் அந்தக் கதவுலதான் தொங்குது, போல்டு லூஸாகும்.