படம் இல்லாத நாடகம்

கேள்வி: அமெரிக்க வானொலியின் பழைய நாடகத் தொடர்களைச் சென்ற இதழில் ஒரேயடியாகப் புகழ்ந்திருந்தீர்கள். டி.வி. இல்லாத காலம், வேறு வழியில்லாமல் கேட்டார்கள். படம் இல்லாத நாடகம் அரைகுறை நாடகம்தானே?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 'அரைகுறை' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1943 மே 25 அன்று சி.பி.எஸ். வானொலியின் 'சஸ்பென்ஸ்' தொடரில் ஓர் அரை மணி நேர நாடகம் வந்தது. பெயர் 'சாரி, ராங் நம்பர்'. எழுதியவர் லூசில் ஃப்ளெட்சர். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெண், கணவனின் ஆபீசுக்கு போன் போடுகிறாள். கிராஸ் டாக் ஆகி, இரண்டு ஆண்கள் பேசுவது காதில் விழுகிறது. இன்றிரவு பதினொன்றேகாலுக்கு ஒரு பெண்ணைக் கொல்லப்போகிறார்கள். அந்த நேரம் பாலத்தில் ரயில் போகும், அலறினாலும் வெளியே கேட்காது. ஆபரேட்டரிடம் மன்றாடுகிறாள், போலீசைக் கூப்பிடுகிறாள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. டயல் சுற்றும் சத்தம், எங்கேஜ்டு டோன், நிமிஷத்துக்கு நிமிஷம் நடுக்கம் கூடும் ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரல். அந்தப் பெண் தான்தான் என்பது அவளுக்கு மெல்லப் புரிகிறது.

இதில் எதைப் படமாகக் காட்டுவது? ரிசீவர் வழியாக வந்ததைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. கேட்கிற நமக்கும் தெரியாது. 1948-ல் இதையே சினிமாவாக எடுத்தபோது பார்பரா ஸ்டான்விக் நன்றாகத்தான் நடித்தார். ஆனால் ஒன்றரை மணி நேரத்தை நிரப்ப முன்கதைக்கு மேல் முன்கதையாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 'சஸ்பென்ஸ்' தொடரிலோ அந்த அரை மணி நேர நாடகத்தை மொத்தம் 8 தடவை ஒலிபரப்பினார்கள், கடைசியாக 1960-ல். அதற்குள் அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு டி.வி. வந்துவிட்டது. முடிவு தெரிந்த கதையை, டி.வி. பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார்கள். வேறு வழியில்லாமல் கேட்டது என்றா இதைச் சொல்வீர்கள்?

இன்னொன்று. துப்பறியும் தொடர் என்றால் ஹீரோ அடுத்த வாரமும் வந்தாக வேண்டும், அதனால் சாக மாட்டான். இந்தத் தொடர்களில் வாரம் ஒரு புதுக் கதை, புது ஆட்கள். யார் பிழைப்பார் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. 'எஸ்கேப்' தொடரின் 'த்ரீ ஸ்கெலிடன் கீ' நாடகத்தில், கலங்கரை விளக்கத்துக்குள் மூன்று பேர் மாட்டிக்கொள்ள, வெளியே கண்ணாடி முழுக்க எலிகள் மொய்க்கின்றன. அந்த எலி எவ்வளவு பெரிது என்பதைக் கேட்கிறவர் மனசே தீர்மானிக்கிறது. எந்த இயக்குநராலும் அவ்வளவு பெரிய எலியைக் காட்ட முடியாது.

அதற்குப் பின்னால் இருந்த உழைப்பையும் பாருங்கள். பனியில் நடக்கும் காலடிக்கு சோளமாவுப் பையைப் பிசைந்தார்கள், தீ எரிவதற்கு செலஃபேன் தாளைக் கசக்கினார்கள். ஒரு விநாடி பிந்தினாலும் நேரடி ஒலிபரப்பில் திருத்த முடியாது.

1943-ம் வருஷத்துப் பதிவு இணையத்தில் இருக்கிறது. கேட்டுவிட்டு, எந்த இடத்தில் படம் இல்லாதது குறையாகத் தெரிந்தது என்று எழுதுங்கள். அப்படியே பிரசுரிக்கிறேன்.