படம் எடுக்க ‘பர்மிஷன் கார்டு’ என்று ஒன்று கிடையாது

கேள்வி: பொழுதுபோக்குக்காகக் கேமரா வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம் என்று போய்ப் படம் எடுக்கிறேன். சென்ற மாதம் ஒரு காவலாளி “பர்மிஷன் இருக்கா?” என்று மடக்கினார். படம் எடுப்பவர்கள் குழு ஒன்றில் அறிமுகமான ஒருவர், மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் தமிழ்நாடு முழுக்கச் செல்லுபடியாகும் அனுமதி அட்டை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஆயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். இந்த அட்டை அவசியமா?

பதில்: அவசியமில்லை. அப்படி ஓர் அட்டையே கிடையாது. தெருவிலோ கடற்கரையிலோ கேமராவைக் கையில் பிடித்துச் சொந்த ஆசைக்காகப் படம் எடுப்பவர் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று நம் நாட்டில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. சட்டமே கேட்காத அனுமதியை எந்த அலுவலகம் கொடுக்கும்? அவர் உங்களுக்கு விற்கப் பார்ப்பது லேமினேஷன் செய்த ஒரு காகிதம்.

இந்த வியாபாரத்தில் சில ரகங்கள் உண்டு. ஒன்று, வாயில் நுழையாத நீளத்தில் பெயர் வைத்த ஏதோ ஒரு சங்கத்தின் உறுப்பினர் அட்டை. அதில் சிங்க முத்திரை மாதிரி ஒன்றை வேறு அச்சடித்திருப்பார்கள். இரண்டாவது, கொட்டை எழுத்தில் ‘பிரஸ்’ என்று போட்ட அட்டை. இது முதல் ரகத்தைவிட ஆபத்து. செய்தியாளர்களுக்கு அரசு அங்கீகாரம் தருவது செய்தி மக்கள் தொடர்புத் துறை, அதுவும் ஊடகத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும். ஒன்றும் இல்லாமல் நின்றால் நீங்கள் படம் எடுக்க வந்த சாதாரண ஆள். பொய் அட்டையை எடுத்து நீட்டிய நிமிடமே ஆள்மாறாட்டம் செய்தவர் ஆகிவிடுவீர்கள். மூன்றாவது, எந்தக் காலத்திலோ யாருக்கோ கொடுத்த அனுமதிக் கடிதத்தின் ஜெராக்ஸ். உண்மையான அனுமதிக் கடிதத்தில் ஆள், இடம், தேதி மூன்றும் இருக்கும். ‘தமிழ்நாடு முழுக்க, வருடம் முழுக்க’ என்று எந்த அதிகாரியும் எழுதித் தர மாட்டார்.

குழுவாக அழைத்துப் போகும் சிலர் ‘அனுமதிக் கட்டணம்’ என்று தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்களே, அவர்களிடமும் ரசீது கேளுங்கள். அரசுக்குக் கட்டிய பணத்துக்கு ரசீது இருந்தே தீரும். “ஆளைக் கவனிச்சிட்டோம் சார்” என்று பதில் வந்தால் பணம் எங்கே போனது என்று புரிந்துகொள்ளலாம்.

இவர்கள் பிழைப்பு ஓடுவதற்குக் காரணம் நம் அலுவலகங்கள்தான். ‘புகைப்படம் எடுக்கத் தடை’ என்று ஒரு பலகையை நட்டுவிடுகிறார்கள். எந்த விதியின் கீழ், யார் போட்ட உத்தரவு, தேதி என்ன, ஒன்றும் இருக்காது. விசாரிக்கப் போனால் மாநகராட்சி காவல் நிலையத்தைக் கைகாட்டும், காவல் நிலையம் மாநகராட்சியைக் கைகாட்டும். ஒரே பக்கத்தில் எழுதி வாசலில் ஒட்டக்கூடிய விஷயம் இது. ஒட்டினால் பாதித் தரகர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள். ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறார்கள் என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நிற்கும் இடம் யாருடையது என்று பாருங்கள். மெரினா மணலும் மயிலாப்பூர் மாட வீதியும் பொது இடம், தாராளமாக எடுங்கள். தெருவில் நின்று கோபுரத்தையும் எடுக்கலாம். கோயிலுக்குள் போனால் கோயிலின் விதிதான். தமிழகக் கோயில்களில் கைபேசிக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, கேமராவைப் பற்றித் தனியாகச் சொல்லவும் வேண்டுமா? வணிக வளாகம் தனியார் சொத்து, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ராணுவ இடம், துறைமுகம், விமான நிலையம் பக்கம் கேமராவை மூடி வைத்துக்கொள்ளுங்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் இன்னமும் உயிரோடுதான் இருக்கிறது, அதோடு விளையாட வேண்டாம்.

ஆட்களை எடுக்கும்போது, ஒருவர் கையை ஆட்டி மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். பெண்ணின் அந்தரங்கத் தருணத்தை ஒளிந்திருந்து எடுப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. கடற்கரையில் உடை மாற்றுபவர்கள், குளிப்பவர்கள் பக்கம் ஜூம் லென்ஸைத் திருப்பிவிட்டு ‘பொது இடம்தானே’ என்று வாதாட வராதீர்கள். நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன்.

மாமல்லபுரம்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. உங்களை மடக்கியதும் அங்கேதான் என்றால், உங்களிடம் ட்ரைபாட் (மூன்று கால் கேமரா தாங்கி) இருந்திருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். மத்தியத் தொல்லியல் துறை 2018-இல் தன் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் படம் எடுக்க அனுமதித்துவிட்டது. அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறைப் பகுதி ஆகியவை மட்டும் விலக்கு. ஆகவே கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கையில் பிடித்த கேமராவால் எடுக்கத் தடை இல்லை. ஆனால் ட்ரைபாடுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். நினைவுச் சின்னங்களுக்கான 1959-ஆம் ஆண்டு விதிகளில் ஸ்டூல், நாற்காலி, பெரிய குடை, ஓவியர் வைக்கும் படச்சட்டத் தாங்கி ஆகியவற்றோடு ட்ரைபாடையும் ஒரே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஓவியர்கள் குடை விரித்து உட்கார்ந்து வரைந்த காலத்தை மனதில் வைத்து எழுதியது. இன்று கைபேசியில் சினிமா தரத்துக்கு வீடியோ எடுப்பவரை யாரும் கேட்பதில்லை, ஒரு கிலோ ட்ரைபாடைத் தூக்கி வருபவரைத்தான் நிறுத்துகிறார்கள். அபத்தம்தான், ஆனால் விதி விதிதான். மோனோபாடுக்கு ஒரு கால்தானே என்று காவலாளியிடம் வாதாடிப் பயனில்லை. செல்ஃபி குச்சியைப் பையிலேயே வையுங்கள். கட்டாயம் ட்ரைபாட் வேண்டும் என்றால் சென்னைக் கோட்டையில் இருக்கும் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்துக்கு நாள், இடம், கருவி விவரங்களோடு நீங்களே எழுதுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு என்றால் திருச்சி வட்டம். தாமதமாகும், தரகர் வேண்டாம். அவசரம் என்றால் கேமராவில் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளி உணர்திறனை, கூட்டிக்கொண்டு கையாலேயே எடுத்துவிட்டு வாருங்கள்.

திருமண ஷூட், விளம்பரம், ட்ரோன் இதெல்லாம் வேறு கணக்கு, உங்கள் கேள்வியில் இல்லை.

காவலாளி மறுபடியும் மடக்கினால் “எந்த விதி, பொறுப்பதிகாரி யார்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். வெளியே போகச் சொல்ல அவரால் முடியும். கேமராவைப் பிடுங்கவோ படங்களை அழிக்க வைக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. குற்றத்தோடு தொடர்பு இருப்பதாகச் சந்தேகித்தால் பறிமுதல் செய்யலாம் என்ற அதிகாரம் காவல் துறைக்குத்தான். அவர்களும் அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கொடுத்த ஆயிரம் ரூபாயை இன்றே திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். அட்டை தருவதாக அவர் சொன்ன செய்திகளை அழித்துவிடாதீர்கள். இணையம் வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம், ரொக்கமாகக் கொடுத்திருந்தால் உள்ளூர்க் காவல் நிலையம். ஏமாற்று வேலைக்கான பழைய 420-ஆம் பிரிவுதான் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). மீதி இரண்டாயிரத்தை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள்.