கல்யாண வேலையில் காதல்: மகளை நிறுத்திவிடலாமா?

உங்கள் மகள் திருமண ஏற்பாட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். இப்போது அவள் கவனிக்கும் ஒரு கல்யாணத்தில், மணப்பெண்ணின் அண்ணன்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டுகிறவர். அவருக்கும் இவளுக்கும் பிடித்துப்போய்விட்டது. “இந்த வேலையே வேண்டாம், வேறு படிப்பு சொல்லுங்கள்” என்று கேட்கிறீர்கள். வேலையை விட வேண்டியதில்லை அம்மா. அந்த ஒரு திருமணத்தை மட்டும் அவள் விட்டுவிட வேண்டும்.

இந்த வேலையில் நெருக்கம் வருவது அதிசயமே இல்லை. மாதக்கணக்கில் இருவரும் சேர்ந்து மண்டபம் பார்க்கிறார்கள், விருந்தினர் பட்டியலில் யாரை வெட்டுவது என்று மல்லுக்கட்டுகிறார்கள். அலங்காரக்காரர் கடைசி வாரத்தில் கைவிரித்தால், இரவு பதினொரு மணிக்கு அந்த அண்ணன் கூப்பிடுவது இவளைத்தான். 1974-இல் டட்டன், ஆரோன் என்ற இரு உளவியலாளர்கள் கனடாவின் கபிலானோ தொங்கு பாலத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆடுகிற பாலத்தில் தங்களைப் பேட்டி கண்ட பெண்ணை அப்புறம் போனில் கூப்பிட்ட ஆண்கள், உறுதியான பாலத்தில் பேட்டி கொடுத்தவர்களைவிட அதிகம். பயத்தில் அடித்துக்கொள்ளும் நெஞ்சை ஈர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். அதற்காக உங்கள் மகளின் மனசு பொய் என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பதற்றம் அடங்கிய பிறகும் அது நிற்கிறதா என்று பார்க்க நாள் வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை பணத்தைப் பற்றித்தான். சமையல், போட்டோ, ஒலி-ஒளி என்று யாருடைய விலைப்புள்ளியை எடுப்பது என்பதில் இவள் பேச்சுக்கு எடை உண்டு. அவருக்காக விலையைக் குறைத்தால் நிறுவனத்துக்கு நஷ்டம். சப்ளையரிடம் நிறுவனம் கமிஷன் வாங்குகிறது என்றால், அதை அவரிடம் சொல்வதா மறைப்பதா? எப்படிச் செய்தாலும் ஒரு பக்கம் துரோகம். அப்புறம், இது அந்தத் தங்கையின் கல்யாணம். அன்றைக்கு உங்கள் மகள் காதில் வாக்கி-டாக்கியும் கையில் நிமிடவாரியான அட்டவணையுமாக நிற்க வேண்டியவள். மேடை விளக்கு அணைந்தால் ஜெனரேட்டர்காரர் எங்கே என்றுதான் அவள் கண் தேட வேண்டும்.

மற்ற தொழில்களில் இதற்கு எழுதிவைத்த வரம்பு உண்டு. சிகிச்சை முடிந்து குறைந்தது 2 ஆண்டுகள் வரை அதே நபரோடு உடலுறவு கூடாது என்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. வழக்கு நடக்கும்போது கட்சிக்காரரோடு புதிதாக அப்படி ஓர் உறவைத் தொடங்கக் கூடாது என்கின்றன அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகள். திருமண ஏற்பாட்டாளருக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு சபை கிடையாது. எல்லைக்கோட்டை அவளே போட்டுக்கொள்ள வேண்டும்.

மேலாளரிடம் அவளே போய்ச் சொல்லட்டும், வேறு யாராவது சொல்லும் முன். “இந்தக் குடும்பத்தோடு எனக்குத் தனிப்பட்ட பழக்கம் வந்துவிட்டது, ஃபைலை வேறொருவருக்குக் கொடுங்கள்” என்றால் போதும், காதல் கதை முழுக்கத் தேவையில்லை. வாங்கிய முன்பணம், கொடுக்க வேண்டிய பாக்கி, சப்ளையர்களோடு பேசிய விலை எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். கடைசிக் கணக்கு முடியும்வரை அவர் கேட்டாலும் தள்ளுபடி பற்றி வாயே திறக்கக் கூடாது. நீங்கள் தயவுசெய்து அலுவலகத்துக்குப் போன் செய்யாதீர்கள். அவள் இத்தனை நாள் சேர்த்த மரியாதை ஒரே அழைப்பில் போய்விடும்.

அண்ணன் என்பதால் இவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன். மாப்பிள்ளையாக இருந்திருந்தால் அன்றே ஃபைலையும் பேச்சையும் நிறுத்தச் சொல்லியிருப்பேன். கல்யாணம் வேண்டாம் என்றால் மணப்பெண்ணிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான், இவள் இல்லை.

சரி, படிப்பு. ஈவென்ட் மேனேஜ்மென்ட் பட்டயப் படிப்பில் சேர்ப்பதானால், ஒப்பந்தம் எழுதுவது, பட்ஜெட் போடுவது, கூட்ட நெரிசல் பாதுகாப்பு ஆகியவை பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மேடை அலங்காரம் மட்டும் சொல்லித்தரும் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம், அதை அவள் வேலையிலேயே கற்றுக்கொள்வாள்.